முன்பக்கம் தராசு, பின்பக்கம் ராக்கெட்

என் அப்பா பக்கிரிசாமிக்கு மெதுவாகப் பேச வராது. பினாங்குத் தீவுக்கும் கரைக்கும் ஓடும் பெர்ரிப் படகில் வேலை பார்த்தவர். கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, ஏறுகிற கார்களையும் லாரிகளையும் கைகாட்டி வரிசையில் நிறுத்த வேண்டும். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவருடைய தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. சாப்பிடும்போது உப்பு கேட்டால்கூட எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குக் கேட்கும். அம்மா ஜெயலெட்சுமி மட்டும் என்ன, சளைத்தவளா? பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, பக்கத்தில் இருப்பவளிடம்கூடப் பேசாமல் மின்னணுச் சில்லுகளில் கம்பி ஒட்டியவள். பகலெல்லாம் அடக்கி வைத்த பேச்சு முழுவதையும் வீட்டுக்கு வந்துதான் இறக்குவாள்.

போதாக்குறைக்கு இரண்டு பேரும் வேறு வேறு கட்சி. அப்பா தராசு. அம்மா ராக்கெட். எங்கள் ஊரில் கட்சியின் முழுப் பெயரை மேடையில்தான் சொல்வார்கள், வீட்டில் சின்னம்தான்.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய அடுக்குமாடியில், பதினோராம் மாடியில் எங்கள் வீடு. தேர்தல் வந்துவிட்டால் வாசல் நடைபாதைக் கம்பியில் அப்பா நீலக் கொடியைக் கட்டுவார். அன்று சாயங்காலமே சமையலறை ஜன்னலுக்கு வெளியே, துணி காயப்போடுகிற மூங்கிலில், என் பள்ளிக்கூடச் சட்டைக்கும் அப்பாவின் கைலிக்கும் நடுவில் ராக்கெட் கொடி ஏறிவிடும். முன்பக்கம் அப்பாவுடையது, பின்பக்கம் அம்மாவுடையது. எல்லையைத் தாண்டி யாரும் கொடி கட்டியதில்லை. பக்கத்து வீட்டு நூர் பீவி அக்கா, "லெட்சுமி, நான் இப்ப எந்தப் பக்கம் வந்து வெங்காயம் கேக்கணும்?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்வார்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. அப்பா காலைப் பத்திரிகையை உரக்கப் படிப்பார். ஒவ்வொரு வரிக்கும் அம்மா சமையலறையிலிருந்து பதில் சொல்வாள். கோபம் ஏற ஏறப் பெயர்கள் காணாமல் போகும்.

"ஏ ராக்கெட்டு, தண்ணி கொண்டா!"

"தராசுக்குக் கையில்லையா? எந்திரிச்சு வந்து எடுத்துக்கச் சொல்லு!"

நடுவில் நான். "காமினி, நீயே சொல்லு" என்று இரண்டு பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். நான் எதைச் சொன்னாலும் ஒருவர் என் தட்டில் மீன் வைக்க மறந்துபோவார். அதனால் சின்ன வயதிலேயே நான் நடுநிலை வகிக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது. அப்பா சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். அதனால் இந்த மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி.தான். ஓட்டுப் போட முடியாது, நல்ல வேலைக்கு எழுதிப் போட முடியாது. தராசுக் கூட்டணியில் இருந்த நம் ஆட்களின் கட்சிக் கிளைத் தலைவர் ஒருவர் அவரைத் தன் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து, கடைசியில் குடிமக்களுக்கான நீல ஐ.சி. வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பெர்ரி வேலை, கல்யாணம், நான் எல்லாம். "நீல ஐ.சி. கையில வந்த அன்னிக்குத்தான் நான் பொறந்தேன்" என்பார் அப்பா. பிறகு அந்தக் கிளைக்கே செயலாளராகவும் ஆனார்.

அம்மாவின் கதை வேறு. தொழிற்சாலையில் ஒரு பகுதியை மூடி, கண் கெட்டுப்போன பெண்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியபோது வாசலில் வந்து கேட்க நாதியில்லை. ராக்கெட் கட்சி வக்கீல் ஒருவர்தான் வந்தார். சின்னப் பையன், சீனன். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இவர்களோடு வெயிலில் தரையில் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொண்டு போன சோற்றையும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டாராம். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அம்மா அந்த ஒரு வாய் சோற்றை மறக்கவில்லை.

அவர் கதையை இவளும் இவள் கதையை அவரும் மனப்பாடமாக அறிவார்கள். ஆனாலும் அவரைத் தோற்கடிக்க இவளும் இவளைத் தோற்கடிக்க அவரும் என்னவெல்லாம் செய்தார்கள்!

ஓட்டுப் போடும் நாள் எங்கள் வீட்டில் திருவிழா. விடிந்ததும் அப்பாவின் ஐ.சி. காணாமல் போயிருக்கும். அம்மாவின் மூக்குக் கண்ணாடியும் காணாமல் போயிருக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் அம்மாவுக்கு எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று தெரியாது, ஓட்டுச்சீட்டை எங்கே பார்ப்பது! அம்மா ஐ.சி.யை எப்போதும் அரிசித் தகரத்துக்குள்தான் ஒளித்து வைப்பாள். அப்பா கண்ணாடியை எப்போதும் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால்தான் வைப்பார். இடத்தை மாற்ற இரண்டு பேருக்கும் ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஆனாலும் வீடு முழுக்கத் தேடுவதுபோல் ஒரு ஆட்டம் நடக்கும். மெத்தையைப் புரட்டுவார்கள், என் புத்தகப் பையைக் கொட்டுவார்கள். அப்புறம் அரிசியிலிருந்து ஐ.சி.யும் முருகனிடமிருந்து கண்ணாடியும் வரும். இரண்டு பேரும் ஒரே மோட்டர் சைக்கிளில் ஏறிப் போவார்கள். ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்தில் வயதுப்படி பிரித்துத்தான் வரிசை என்பதால், ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்களான இவர்கள் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று அங்கேயும் வாயாடுவார்கள்.

மறுநாள் செண்டோல், தேங்காய்ப்பாலும் சீனிப்பாகும் ஐஸும் கலந்த இனிப்பு. அதுவும் விடாத வழக்கம். ஜெயித்த கட்சிக்காரர் தோற்ற கட்சிக்காரருக்கு, கொம்தார் பக்கத்துச் சந்தில் இப்ராஹிம் மாமாவின் வண்டியில் செண்டோல் வாங்கித் தர வேண்டும். பல வருஷம் அப்பாதான் வாங்கிக் கொடுத்தார். "குடி, குடி. சூடு தணியட்டும்" என்று கிண்டல் வேறு. 2008இல் முதல்முறையாக அம்மா வாங்கினாள். பினாங்கு ஆட்சியே கைமாறிப் போயிருந்தது. அம்மா அன்று கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா பாதிக் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மிச்சத்தை அம்மா எனக்குத் தரவில்லை, தானே குடித்தாள். 2013இலும் 2018இலும் அம்மாவின் முறைதான். அதற்குள் அப்பாவுக்குத் தோற்றுத் தோற்றுப் பழகிவிட்டது, கிண்ணத்தைக் காலி செய்யும் அளவுக்கு.

நான் தயாளனைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் ஜுருவுக்குப் போனேன். தயாளன் தங்கமான மனிதர். நான் சொல்வது எல்லாவற்றுக்கும் "சரி" என்பார். இரண்டு பேரும் ஒரே கட்சிக்குத்தான் ஓட்டு, அதைப் பற்றிப் பேசுவதற்குக்கூட ஒன்றுமில்லை. முதல் வருஷம் எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. வாசல் கம்பியில் கொடி படபடக்க, உள்ளே இரண்டு தொண்டைகள் மோதிக்கொள்ள, நூர் பீவி அக்கா சுவரைத் தட்டுகிற அந்த வீட்டை நினைத்து ஏங்கியிருக்கிறேன். சண்டையைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அமைதி ஒத்துக்கொள்வதில்லை.

அப்புறம்தான் அந்த அநியாயம் நடந்தது. 2022 கடைசியில் தராசும் ராக்கெட்டும் சேர்ந்து ஆட்சி அமைத்துவிட்டன. நாடே வாயைப் பிளந்தது. தொலைக்காட்சியில் தலைவர்கள் கைகுலுக்கிச் சிரித்தார்கள். அன்று அம்மா எனக்குப் போன் செய்தாள். கொக்கரிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"காமினி, ஒங்கப்பா மெதுவா உப்பு கேட்டாரு" என்றாள்.

"என்னாம்மா சொல்றே?"

"மெதுவாம்மா. 'லெட்சுமி, உப்பு'ன்னு. காதுல சரியா விழக்கூட இல்ல. எனக்குப் பயமா இருக்கு லா."

மாதங்கள் போயின. பத்திரிகையை அப்பா மனதுக்குள்ளேயே படிக்க ஆரம்பித்தார். அம்மா சமையலறையிலிருந்து எதையாவது சொல்லிச் சீண்டிப் பார்ப்பாள். "அதான் ஒங்காளுங்க சேந்துட்டாங்களே, நல்லா இருக்கட்டும்" என்று முடித்துவிடுவார். சண்டைக்குக் கூப்பிட்டால் வாழ்த்துச் சொல்கிற மனிதனை என்ன செய்வது? கிளினிக்கில் காட்டினோம். ரத்த அழுத்தம் முன்பைவிட நன்றாக இருக்கிறதாம். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் நான் போகும்போது என் காதில், "அவர எப்படியாச்சும் பேச வைடி" என்பாள்.

2023 ஆகஸ்டில் பினாங்கு மாநிலத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் தராசு நிற்கவே இல்லை. கூட்டாளிக்கு விட்டுக் கொடுத்தாகிவிட்டது, எல்லோரும் அவர்களுக்கே ஓட்டுப் போடுங்கள் என்று மேலேயிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது கோகிலன் வந்தான். அப்பாவுக்குப் பிறகு கிளைச் செயலாளர் ஆனவன், அப்பா கையைப் பிடித்து வளர்த்த பிள்ளை. கையில் ஒரு கட்டுக் கொடி.

"அங்கிள், பசியாறிட்டீங்களா? கொடி கட்ட வந்தேன்" என்றான்.

அப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். எழுந்து கயிறு எடுக்கப் போனார். கோகிலன் கொடியை விரித்தான். ராக்கெட்.

அப்பா கயிற்றோடு அப்படியே நின்றார். கோகிலனுக்கும் சங்கடம்தான், பாவம். "ஆர்டர் அப்படி, அங்கிள். இப்ப நாம எல்லாம் ஒண்ணுதானே" என்று கம்பியைப் பார்த்துச் சொன்னான். அப்பா தலையை ஆட்டினார். "கட்டு, கட்டு" என்று சின்னக் குரலில் சொல்லிக் கயிற்றை நீட்டினார்.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். வாழ்நாள் முழுக்க அந்தக் கொடிக்காகச் சண்டை போட்டவள். அது முன்வாசலுக்கே வந்துவிட்டது, அதுவும் எதிர்க்கட்சிக்காரன் கையால். அவள் கோகிலனிடமிருந்து கொடியைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"இங்க கட்டாதே. இது அவரு எடம்" என்றாள்.

"ஆண்ட்டி, இது ஒங்க கொடிதானே?"

"எங்க கொடிதான். எனக்குத் தெரியாதா? பின்னால மூங்கில்ல ஏற்கெனவே ஒண்ணு பறக்குது, போய்ப் பாரு. முன்னால நீலம் இருந்தா இருக்கட்டும், இல்லன்னா காலியா கெடக்கட்டும். நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

அந்தத் தேர்தல் முழுக்க எங்கள் வாசல் கம்பி மொட்டையாகத்தான் இருந்தது. கோகிலன் போன பிறகு அப்பா சொன்னார்:

"லெட்சுமி, இந்தத் தடவ நான் ஓட்டுக்கு வரல."

ஓட்டு நாளன்று நான் ஜுருவில் காலையிலேயே போட்டுவிட்டு, விரல் மையோடு பாலம் தாண்டி வந்தேன். அம்மா புதுச் சேலையில் தயாராக இருந்தாள். கண்ணாடி மூக்கில் இருந்தது. யாரும் ஒளித்து வைக்கவில்லை. அதுவே அவளுக்கு ஆறவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அப்பா கைலியோடு, அணைத்து வைத்த தொலைக்காட்சிக்கு எதிரில் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஐ.சி. காணோம்" என்றார்.

"நான் ஒளிக்கல. முருகன் சத்தியமா ஒளிக்கல" என்றாள் அம்மா என்னிடம். சொல்லிவிட்டு ஒரு கணம் யோசித்தாள். நேராகச் சமையலறைக்குப் போய் அரிசித் தகரத்தைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். ஐ.சி. வந்தது.

வாங்கிய நாளிலிருந்து அவராக ஒருமுறைகூடச் சட்டைப் பையை விட்டு இறக்காத அட்டை. அதை அவரே அரிசிக்குள் புதைத்திருக்கிறார்.

"என் எடத்துல கொண்டாந்து வெச்சிருக்கீங்களே, இது ஒங்களுக்கே நல்லா இருக்கா?" அம்மாவின் குரல் உடைந்தது.

"நான் ஓட்டு போடக் கூடாதுன்னுதானே இத்தன வருஷமா நீ ஒளிச்சே. இன்னிக்கு நானே வெச்சிட்டேன். சந்தோஷமா இரேன்." அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, அரிசித் தகரத்துக்குள் போட்டு, மூடியை அழுத்தி மூடினாள்.

"அப்ப நானும் போகல" என்றாள்.

வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எழுபது வயதில் இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் யார் சோறு ஆக்குவது? அரிசித் தகரத்தை வேறு திறக்கக் கூடாதாம். நான் கீழே போய் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் தொடவில்லை. நூர் பீவி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னுமா போகல? ஆறு மணிக்கு மூடிருவான் லா" என்றார். மழை ஒருபாட்டம் பெய்து ஓய்ந்தது.

நாலு மணிக்கு மேல் அப்பாதான் முதலில் அசைந்தார். எழுந்துபோய் அரிசியைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து, கைலி முனையால் துடைத்து அம்மா முன்னால் நீட்டினார்.

"ஒன் ஓட்ட எதுக்கு வீணாக்குறே? ஒனக்காக வெயில்ல ஒக்காந்த கட்சி அது. போட்டுட்டு வா, போ."

"நீங்க வந்தா வர்றேன்."

"எனக்கு யாரு இருக்கா அந்தச் சீட்டுல?"

"யாரும் இல்லன்னா அங்க போய் யாரும் இல்லன்னு சொல்லிட்டு வாங்க! இந்தச் சோபாகிட்ட சொன்னா யாருக்குக் கேக்கும்?" அம்மா இப்போது கத்தினாள். "அந்த ஐ.சி.க்கு எத்தன ஆபீஸ் ஏறி எறங்குனீங்க? அரிசியில போட்டு வைக்கவா?"

அப்பா நிறைய நேரம் ஐ.சி.யைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கைலியை மாற்றிக்கொண்டு வந்தார். என் காரில் ஏறச் சொன்னேன். முடியாதாம், மோட்டர்தானாம். முன்னால் அவர்கள் ஈரச் சாலையில் போக, பின்னாலேயே நான் காரில் போனேன். அம்மா வழக்கமாக அவர் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே போவாள். அன்று பேசவில்லை. அவர் சட்டையை மட்டும் பிடித்திருந்தாள். வரிசையில் கூட்டமே இல்லை. அப்பா உள்ளே போனவர் வெளியே வரத் தாமதமானது. ஓட்டுச்சீட்டில் ஒரு சிலுவைக் குறி போட இவ்வளவு நேரமா என்று நான்தான் பதறினேன். வந்ததும் நேராக மோட்டரை எடுத்தார்.

மறுநாள் காலை முடிவு தெரிந்துவிட்டது. அம்மாவின் கூட்டணி பினாங்கில் மறுபடி ஜெயித்திருந்தது. அம்மா பயந்துகொண்டேதான் கேட்டாள்:

"செண்டோலுக்கு வர்றீங்களா?"

அப்பா சட்டையை மாட்டினார்.

இப்ராஹிம் மாமாவின் வண்டி முன்னால் வெளியூர்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் அம்மா கைப்பையைத் திறந்தாள். அப்பா அவள் கையைத் தடுத்தார்.

"இரு. யாரு ஜெயிச்சது? ஒங்கூட்டணியில இப்ப எங்கட்சியும்தானே இருக்கு? அப்ப நானும் ஜெயிச்சிருக்கேன். நான்தான் வாங்குவேன்."

"நீங்க எப்படி ஜெயிச்சீங்க? யாருக்குப் போட்டீங்க மொதல்ல அதச் சொல்லுங்க!"

"தராசுக்கு."

"தராசுதான் சீட்டுலயே இல்லியே!"

"இல்லதான். நானே வரைஞ்சேன். கீழ எடம் இருந்துச்சு. ஒரு கட்டம் போட்டு, தராசு வரைஞ்சு, பக்கத்துல நல்லா அழுத்தமா சிலுவை போட்டுட்டு வந்தேன்."

அம்மா கைப்பையைத் தவறவிட்டாள்.

"அய்யய்யோ! அது செல்லாத ஓட்டுய்யா! நான் கண்ணாடிய அரிசியில போட்டு, பட்டினி கெடந்து ஒங்களக் கூட்டிட்டுப் போனா, படமா வரைஞ்சிட்டு வந்தீங்க?"

"எனக்குச் செல்லும்!" அப்பா கத்தினார். பெர்ரியின் கீழ்த்தளத்தில் லாரிகளை நிறுத்திய அதே தொண்டை. "நீதானே சொன்னே, யாரும் இல்லன்னா போய்ச் சொல்லிட்டு வான்னு! சொல்லிட்டு வந்துட்டேன்! ஒங்க ஆளு எண்ணும்போது என் தராசப் பாத்துட்டுத்தான் எண்ணியிருப்பான்!"

"ஒங்க தராசு! அதையாச்சும் நேரா வரைஞ்சீங்களா?"

"பேனாவக் கயித்துல கட்டி வெச்சிருக்கான், கை எட்டல! ஒரு தட்டு கொஞ்சம் எறங்கிருச்சு!"

"அதானே பாத்தேன்! என்னிக்கு ஒங்க தராசு நேரா நின்னுச்சு!"

"ஏ ராக்கெட்டு, வாய அடக்கு!"

சந்து முழுக்க எங்களைத்தான் பார்த்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார். இப்ராஹிம் மாமா கரண்டியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். நான் கீழே கிடந்த கைப்பையை எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மடிப்பில் ஒரு அரிசி இன்னும் சிக்கியிருந்தது.

"இப்ராஹிம்! மூணு செண்டோல்! ஒண்ணுல சீனி கம்மி!" என்று அப்பா பட்டர்வொர்த்துக்குக் கேட்கும்படி கூவினார்.

"கொஞ்சம் மெதுவாத்தான் கேளுங்களேன்" என்றாள் அம்மா.